தொண்டை கட்டிய வாரம்

காலை ஆறரைக் கூட்டத்தில்
"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்பேன்.
மூன்று எண்ணுவதற்குள்
பதிலையும் நானே சொல்லிவிட்டுக்
கையுறை மாட்டிக்கொள்வேன்.
பதினோரு வருஷம்.

டால்விக் துறைமுகம். வெளியே பிப்ரவரி இருட்டு,
உள்ளே காட் மீன், ஐஸ், இரைச்சல்.
போலந்துக்காரர் ஸ்லாவோமிர்
கடைசியில் நிற்பார், தலையாட்டுவார்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
சில நாள், மந்தம் என்றும்.

பெல்ட் முனையில் அவர் அடுக்கிய பெட்டியைப் பிரித்து
மறுபடி நானே அடுக்குவேன்.
அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

பிறகு தொண்டை கட்டியது. வெறும் காற்று.
அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தேன்:
"இரண்டாம் பெல்ட் ஏன் அடிக்கடி நிற்கிறது?"

மூன்று.
ஏழு.
பன்னிரண்டு வரை எண்ணியது ஞாபகம்.
யாரோ இருமினார்கள். பூட்ஸிலிருந்து நீர் சொட்டியது.
வாய்க்குள் என் பதில்
வராத தும்மலாய் முட்டிக்கொண்டு நின்றது.

ஸ்லாவோமிர் மேலங்கிக்குள் கைவிட்டு
ஓரம் நைந்த நோட்டு ஒன்றை எடுத்தார்.
"நீங்கள் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம்" என்றார்
தட்டித்தடவிய ஐஸ்லாந்திய மொழியில்,
"பின்னால் மீன் தேங்குது. பெல்ட் நிக்குது.
நாற்பத்தாறு தடவை. தேதி போட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.
அட்டையைத் திருப்பி
'ஏன் முன்பே' என்று எழுதத் தொடங்கி
அடித்துவிட்டேன்.

வியாழனே குரல் வந்துவிட்டது.
எய்னாருக்கு மட்டும் தெரியும், வீட்டில் பேசினேன்.
கூடத்தில் வெள்ளி முடியும்வரை
அட்டைதான்.

கை இன்னும் அந்தப் பெட்டிப் பக்கம் போகிறது.
பைக்குள் திணித்துக்கொள்கிறேன்.