ஐம்பது சதம்

ஹமில்டனில், பார்ட்டன் தெருவுக்குப் பின்னால்
ஒரு கராஜ் விற்பனை.
மே மாதத்து இரண்டாம் சனி, காலை ஏழேகால்.
பனிக்காலம் விட்டுப்போன உப்பு இன்னும் சீமெந்தில்.
வாஃபிள் சுடும் மெஷின், ஒற்றைச் சறுக்குச் சப்பாத்து,
ஒரு குழந்தைக் கதிரை.
அதன் கீழே, பால்பெட்டியில், தட்டுகள்.

முழங்காலில் இருந்தேன்.
கோயிலில்கூட இப்படி இருந்ததில்லை.
விரல் மட்டும் நடக்கும்:
நத்தார்ப் பாட்டு, நத்தார்ப் பாட்டு, போல்கா,
உடம்பு மெலிய ஒரு தட்டு, மறுபடியும் நத்தார்,
பிறகு
அந்த நீலம்.

பதினொரு வருசம் தேடியது.
ஹாலிஃபாக்ஸில் ஒரு தேவாலயத்துக்குள்
மூன்று பேர் ஒரே இரவில் வாசித்தது.
ஐந்நூறு பிரதி அடித்து நூறுகூட விற்கவில்லை.
ரொறன்ரோவில் ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் கண்டேன்:
முந்நூற்று நாற்பது டொலர்.
எங்கள் காருக்கு இரண்டு குளிர்கால டயர்.

உறையிலிருந்து பாதி இழுத்து
வெளிச்சத்துக்குச் சரித்தேன்.
இசை முடிந்தபின் ஊசி சும்மா சுற்றும் வெற்று வளையத்தில்
யாரோ கையால் கீறிய மீன், நகக்கண் அளவு.
மீன் இருந்தால் முதல் அச்சு.
மீன் இருந்தது.

நெஞ்சு அடித்த அடியில்
குழந்தைக் கதிரை ஆடியிருக்க வேண்டும்.
முகத்தை மட்டும்
கடன்காரனைத் தெருவில் கண்டவள்போல் வைத்துக்கொண்டேன்.
"எவ்வளவு?"
"இரண்டு" என்றார் திருமதி பாலுக்.
உறையின் மேல் அவர் பெயர்,
பள்ளிக்கூட எழுத்தில், பேனா அழுத்திய பள்ளத்தோடு.

இரண்டைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம்.
ஆனால் பேரம் பேசாமல் வாங்குகிறவளை யார் நம்புவார்?
"மூலை கிழிஞ்சிருக்கே. ஒன்றரை?"

பார்த்தார். என்னையல்ல, மூலையை.
"அது எங்கள் நாய்" என்றார். "குட்டியாக இருந்தபோது."
ஒன்றரைக்குத் தந்தார்.

வீட்டில் கழுவி, காயவிட்டு, ஊசி வைத்தேன்.
கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு அடியில் ஒரு பியானோ.
"என்ன விலை?" என்றான் குலேந்திரன் அடுப்படியிலிருந்து.
பதினெட்டு வருசக் கலியாணத்தில்
ஒரு தட்டின் விலையை முதன்முதலாகச் சரியாகச் சொன்னேன்.
அவன் நம்பவில்லை.

ஊராருக்கு வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்.
முந்நூற்று முப்பத்தெட்டரை டொலரை
எந்தக் கட்டத்தில் போடுவது?
இரண்டு டொலர் என்றால் அதிர்ஷ்டம் என்று எழுதலாம்.
அந்த ஐம்பது சதம்தான்
எந்தக் கட்டத்திலும் கொள்ளவில்லை.

ஆகஸ்டில் மறுபதிப்பு வந்தது.
நூற்றெண்பது கிராம், மூலநாடாவிலிருந்து, கெட்டி உறை.
முப்பத்தெட்டு டொலர், முதல் வாரம் பதினைந்து வீதம் கழிவு.
பழையதன் விலை நூற்றிருபதுக்கு விழுந்தது.
என் குற்றமும் கூடவே இறங்கியது.
இவ்வளவு மலிவாகப் பாவம் கழிக்க
எந்தத் தேரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாங்கினேன்.
ஒன்றைப் பிரித்துக் கேட்டேன்.
கடுகு இல்லை. எண்ணெய் இல்லை.
மூன்றாவது பாட்டு தொடங்குமுன் யாரோ கதிரையை நகர்த்துகிறார்கள்;
ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்.
இத்தனை நாள் அந்த மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை.
வெற்று வளையத்தில் மெஷின் எழுதிய இலக்கம்.
மீன் இல்லை.

மற்றதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு
ஒக்டோபரில் அந்தக் கதவைத் தட்டினேன்.
திருமதி பாலுக் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
கட்டைவிரலால் மூலையைத் தடவினார்.
"பிளேயரை மகன் கொண்டுபோய்விட்டான்" என்றார்.
பிறகு, "எவ்வளவு?"

விற்க வரவில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"இரண்டு" என்றேன்.

காசு எடுக்க உள்ளே போயிருக்கிறார்.
லாச்சி ஒன்று திறக்கிறது, இன்னொன்று,
சில்லறை கிண்டும் சத்தம்.
படியில் நிற்கிறேன்,
வந்து பேரம் பேசுவார் என்ற நம்பிக்கையில்.