மோர்பி ஓடு

குளியலறைக்கென்று சுட்டு
விளிம்பு உடைந்ததால் விலைபோகாத ஓடு.
மோர்பியிலிருந்து வந்த லாரிக்காரர்
சும்மா தந்துவிட்டுப் போனார்.
முன்பக்கம் நீலப்பூ, முகம் தெரியும் பளபளப்பு.
எனக்கு வேண்டியது பின்பக்கம்:
மெருகு ஏறாத, சொரசொரத்த வெள்ளை.

ஜாம்நகர் மருந்தாலையில்
கல் இறங்கும் வாசலை ஒட்டிய அறை என்னுடையது.
ஓடு, செப்புக்காசு, பேனாக்கத்தி,
ஒரு காந்தம், கரியடுப்பு,
வெட்டாமல் விட்ட ஒரு கட்டைவிரல் நகம்.
இயந்திரம் வாங்கித் தருவதாக
மூன்று தீபாவளியாய்ச் சொல்கிறார்கள்.

கட்ச்சிலிருந்து கோதந்தி வரும்.
பசுவின் பல் என்று பெயர்.
பல்லாக இருந்தால் நகத்துக்கு இணங்குமா?
இது இணங்கும், மாவாய் உதிரும்.
கூடவே ஒளிந்து வரும் சுண்ணக்கல்
என் நகத்தைத்தான் தேய்க்கும்.

பொன்நிமிளை மூட்டையை அவிழ்த்ததும்
மேராமண் ஒரு துண்டைக் காதோடு வைத்து
கல்யாணப் பெண்போல் தலையைத் திருப்புவான்.
ஓட்டில் இழு என்பேன்.
கரி. பச்சை ஓடிய கரி.
"தங்கமாகப் பிறக்க ஆசைப்பட்ட இரும்பு, பென்."
செம்பும் இருக்கிறதடா, பாவம், அதையும் சேர்த்துக்கொள்.

அப்பிரகத்துக்கு அடுப்பு.
இதழ் இதழாய் விரிந்தால் ஒரு சாதி,
தவளைபோல் கத்தித் துள்ளினால் ஒரு சாதி,
பாம்பாய்ச் சீறினால் ஒரு சாதி.
தணலில் கிடந்தும்
வாய் திறக்காத நான்காவதுதான் மருந்து.
"நல்ல ஊழியரும் அப்படித்தான், ஜாக்ருதிபென்"
என்று ஜோபன்புத்ரா சாகேப் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அது போன வருடம்.

இந்தச் சிராவணத்தில்
மழையில் நனைந்தபடி வந்தது சாதிலிங்கம்,
பதினாறு பெட்டி.
செம்பருத்தி நிறம்.
உள்ளங்கையில் வைத்தால் கை தாழ்ந்தது;
எடைகூட அவர்கள் பக்கம்தான் பேசியது.
உடைத்தேன்.
வெள்ளி ஊசிகள் வரிசையாய் நிற்க வேண்டிய இடத்தில்
பிசைந்து காய்ந்த மாவு.

ஓட்டில் இழுத்தேன்.
ரத்தம் வரவேண்டிய கோட்டில்
ஆரஞ்சு மிட்டாயின் நிறம்.
ஈயச் செந்தூரம்.

என் கை தவறியிருக்கலாம்.
அடுத்த பெட்டி, அடுத்த துண்டு.
பதினாறு கோடு இழுத்தேன்,
ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

ஏற்க இயலாது என்று பதிவேட்டில் எழுதினேன்.
மறுநாள் அந்தப் பக்கம் புதிதாக இருந்தது.
அடியில் என் கையெழுத்து,
நான் போடுவதைவிட அழகாக.
ஒன்பது பெட்டி ஏற்கனவே உள்ளே போயிருந்தது.

"நிறம் சரி. எடை சரி.
வேறென்ன வேண்டும் உங்களுக்கு?"
கோடு, என்றேன்.
"உடைந்த ஓட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?"
கேட்டவர், இருந்தாலும்
அதைக் கழுவச் சொல்லி ஆளனுப்பினார்.

மேராமண் குழாயடியில் உட்கார்ந்தான்.
சோப்பு, தேங்காய்நார், ஒரு வாளித் தண்ணீர்.
ஜன்னலில் சாகேப் நிற்கும்வரை தேய்த்தான்.
தேய்த்து முடித்து,
சட்டையோடு அணைத்துக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தான்.
"பளபளவென்று ஆகிவிட்டது, பென்."
நீலப்பூவில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.
அவன் சட்டையின் மார்பில்
ஆரஞ்சுத் தீற்றல்.
பின்பக்கத்தை அவன் தொடவே இல்லை.

காந்திநகர் பஸ்ஸில் ஐந்து மணிநேரத்துக்கு மேல்.
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்
மதியத்துக்குப்பின் யாரைப் பார்க்கும்,
எந்த மாடியில் பார்க்கும், தெரியாது.
பார்த்தாலும் ஒரு ஓட்டை
எந்தக் கோப்பில் செருகுவார்கள்?
தணலில் கிடந்து பழகியவள்,
இன்னும் என்ன சொல்ல வேண்டுமென்று
ராஜ்கோட் வரை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண்
என் மடியைப் பார்த்துக் கேட்டாள்,
வீடு கட்டுகிறீர்களா?
இல்லை, மாதிரி, என்றேன்.
பூ நன்றாக இருக்கிறது, என்றாள்.
ஆமாம், என்றேன்.
திருப்பிக் காட்டவில்லை.