இரண்டு வாஷர்

சாவியைத் திருப்பியதும் உயிர் வந்தது உண்மைதான்.
ஆனால் நின்ற இடத்தில் நின்றபடி
உடம்பை உதறியது,
மழையில் நனைந்த நாய் மாதிரி.
ஜெலுத்தோங் பட்டறையின் தகரமெல்லாம் கூடவே பேசியது.
வால்வு மூடிமேல் வைத்திருந்த கோப்பி-ஓ கிளாஸ்
மெல்ல மெல்ல நடந்து
விளிம்புவரை போய்
விழுந்தது.

புது லைனர், புது பிஸ்டன், புது ரிங்.
கிராங்க் பட்டர்வொர்த்தில் அரைத்து வந்தது.
பதினொரு நாள் வேலை.
ஜெயசெல்வியின் லோரி, எண்பத்தெட்டாம் வருஷத்து இசூசு,
கூடாரக் கம்பியும் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலியும் சுமப்பது.
சனிக்கிழமை சுங்கை பக்காப்பில் கல்யாணம்.
அவள் கத்தவில்லை.
"வெள்ளைப் புகை நல்லதா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.
"புது ரிங் உட்காரணும்" என்றேன்.
தெரியாததற்கெல்லாம் நாங்கள் சொல்லும் பதில் அது.

பிறகு காற்று என்றேன்.
திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து அடித்து
நுரை போய் டீசல் தெளிந்து வந்தது.
உதறல் போகவில்லை.
பிறகு டீசல்தான் கெட்டது என்றேன், டாங்கியைக் கழுவினோம்.
பிறகு பழி பம்ப் கடை ஊய் மேல்.
அவன் என் கண்முன்னே பெஞ்சில் மாட்டி ஓட்டி
ஆறு கண்ணாடிக் குழாயிலும்
எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்பதைக் காட்டினான்.
காட்டிவிட்டு எண்பது ரிங்கிட் வாங்கிக்கொண்டான்.

வியாழன் இரவு பழைய வழிக்கு வந்தேன்.
எஞ்சின் ஓட ஓட
பதினேழு ஸ்பேனரால்
ஒவ்வொரு குழாயின் நட்டாகத் தளர்த்துவது.
ஒன்று: குரல் தாழ்ந்தது. இறுக்கினேன்.
இரண்டு: தாழ்ந்தது.
மூன்றும் நான்கும் அப்படியே.
ஐந்தைத் தளர்த்தினேன்.
மணிக்கட்டில் டீசல் தெறித்தது.
எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.
பேசாமல் போன ஒருவரை
வீடு பழகிக்கொண்ட மாதிரி
ஆறு பேர் வேலையை
ஐந்து பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேஜ் வைத்தேன், ஐந்தில் அமுக்கம் குறையவில்லை.
வால்வு இடைவெளி பாயிண்ட் நான்கு, சரி.
ஐந்தின் நோசலை இரண்டில் போட்டு
இரண்டினதை ஐந்தில் போட்டேன்.
நோய் நோசலோடு போகவில்லை,
ஐந்திலேயே உட்கார்ந்திருந்தது.
மிச்சம் ஒரு துளை மட்டும்.

ஷஹாதத்தான் குனிந்தான்.
சிராஜ்கஞ்சிலிருந்து வந்து ஏழு மாதம்.
கைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து
உள்ளே விட்டுத் துழாவினான்,
குழந்தையின் காதில் அழுக்கெடுக்கிற பொறுமையோடு.
டிக்.
வந்தது ஒரு செப்பு வளையம்.
பத்து சென் காசு அளவு,
கரி பிடித்துக் கறுத்த பழைய வாஷர்.
அதன் மேல்தான் புதியதைப் போட்டிருக்கிறது.
ஒன்றரை மில்லி எழும்பி நின்று
இத்தனை நாளும் அந்த நோசல்
எங்கோ பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தது.

போட்டிருக்கிறது என்றா சொன்னேன்.
போட்டது நான்.
ஐந்தாவது துளையில் கை இருந்தபோது
வாய் ஷஹாதத்தைத் திட்டிக்கொண்டிருந்தது:
துணியைத் தரையில் போடாதே,
சுத்தம் இல்லாதவன் கைக்கு
எஞ்சின் படியாது.
பாதி மலாய், பாதி தமிழ்.
அவனுக்கு முழுக்கப் புரிந்திருந்தது.

இப்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை.
வளையத்தைத் துடைத்து
என் ஸ்பேனர் பெட்டியின் மூடிமேல் வைத்தான்,
மீதிச் சில்லறை வைப்பது போல.

பத்தரைக்கு ஓடியது.
புகை இல்லை. தகரம் வாயை மூடிக்கொண்டது.
ஜெயசெல்விக்கு அடித்தேன்.
"என்னண்ணே கோளாறு?"
"சின்ன வாஷர் ஒண்ணு."
யார் விட்டது என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது
எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

ஷட்டரை இழுக்கப் போனேன்.
ஷஹாதத் அசையவில்லை.
"பாஸ், மத்த அஞ்சையும் பார்க்கலாமா?"
நல்லாத்தானே ஓடுது என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
பதினேழு ஸ்பேனர் ஏற்கெனவே அவன் கையில் இருந்தது.
நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.