கழிவுக் கணக்கு

காரைக்குடி மரக்கடையில் எனக்கு
அளக்கிற வேலை மட்டும்.
நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில்.
பெருக்கி நூற்றுநாற்பத்து நான்கால் வகுத்தால்
எந்த வீடும் கன அடி ஆகிவிடும்.

கீழக்கரையில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி
ரஹ்மத் நாச்சியா வீடு.
சுவருக்கு இங்கே பெரிய வேலை இல்லை.
கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்
வெயிலையும் அயலார் கண்ணையும் மறிக்கின்றன,
அவ்வளவுதான்.
கூரையைச் சுமப்பது மரம்.
எட்டுத் தூண், தூண் தலையில் போதிகை,
போதிகைமேல் உத்திரம், உத்திரத்தின் குறுக்கே
ஒற்றைப் பெருவிட்டம்.
சுவரை இடித்துவிட்டுப் போனாலும்
வீடு நின்றுகொண்டிருக்கும்,
துணி உடுத்தாத ஆள் மாதிரி.

ஆணி ஒன்றுகூட இல்லை.
உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று
தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது.
நாக்கு செதுக்கி, துளைக்குள் விட்டு
வாகை முளை அடித்திருக்கிறான்.
முளைத்துளைகள் நேருக்கு நேர் இல்லை.
வேண்டுமென்றே ஒரு நூல் விலகல்:
அடிக்க அடிக்க இரண்டு மரமும்
ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ள வேண்டும்.
நூறு மழைக்குப் பிறகும் என் கத்திமுனை
இடுக்கில் நுழையவில்லை.

பொருத்துக்குப் பொருத்து உளியால் வெட்டிய எண்.
தூணில் ௩ என்றால் உத்திரத்திலும் ௩.
௪க்கு ௪. ௭க்கு ௭.
எங்கோ தரையில் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்த்து
பிரித்து வந்து இங்கே நிறுத்தியவர்களின் கணக்கு.

ஏணி வைத்துப் பெருவிட்டத்துக்கு ஏறினேன்.
"அது கப்பல் பாய்மரம்," கீழேயிருந்து நாச்சியா.
"கொழும்புக் கடல்ல உடைஞ்ச கப்பல்.
எங்க வாப்பாவோட வாப்பா கொண்டாந்தது."

பாய்மரம் உருண்டையாக இருக்கும்,
நுனிக்குப் போகப் போகச் சிறுக்கும்.
இது சதுரம்.
கீழ்முகத்தில் இரண்டடிக்கு ஒன்றாக
பதினோரு துளைகள், எதிலும் நாக்கில்லை.
ஒரு பக்கம் முழுக்க அடுப்புப் புகை.
இந்த வீட்டு அடுக்களையோ கொல்லைப்புறம்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எண்:
௰௯.

எட்டுத் தூண் வீட்டில்
பத்தொன்பதுக்கு எங்கே போவது?

வெற்றுத் துளைக்குக் கழிவு உண்டு, முதலாளி கணக்கு.
அதனால் ஒவ்வொன்றாக அளந்தேன்.
இரண்டங்குல அகலம், ஐந்தங்குல நீளம்,
விரல் விட்டால் மூன்றரை ஆழம்.
சிலந்தி முட்டை, மணல்,
ஒன்றில் மட்டும் முறிந்த முளையின் மிச்சம்.
யாரோ குடியிருந்த வீடொன்று
என் நோட்டில் கழித்தல் குறிக்குப் பின்னால்
பதினோரு வரியாக இறங்கியது.

"பத்தொன்பது போட்டிருக்கு," என்றேன்.

தேயிலைக் கிளாஸைத் தரையில் வைத்தாள்.
"மெல்லப் பேசுங்க.
ராவியா வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு."

தெரு மூன்று முழம்.
எதிரே பச்சைப் பெயிண்ட் அடித்த கான்கிரீட் வீடு.
அங்கே ஒரு சீலை மட்டும் அசைந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க.
அந்த ஒரு மரம் கிடக்கட்டும்."

சொல்லத்தான் வேண்டியிருந்தது.
கடைசியாக அடித்த முளை அதில்தான் இருக்கிறது.
கடைசியில் ஏறியது முதலில் இறங்கும்.
அதை இறக்காமல் உத்திரம் அசையாது,
உத்திரம் அசையாமல் தூண் வராது.
இருபத்துநான்கு அடி.
நடையில் திரும்பாது; கூரையைப் பிரித்து
தெருவில்தான் இறக்க வேண்டும்.
லாரி வரும்வரை கிடக்கும்.

"எண் மேலே பாக்கவா, கீழே பாக்கவா?"

"எப்படிப் போட்டாலும் புகை தெரியும்," என்றேன்.

அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.
அதற்கும் மர முளைதான்.
சத்தமே வரவில்லை.
மொத்தக் கன அடியைக் கூட்டாமல்
பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு
ஏணியிலேயே இருந்தேன்.