இளிப்பு

பஞ்சிகாவத்தையில் மழை விட்டிருந்தது.
நவ்ஃபர் சாக்கைக் கவிழ்த்தான்.
குழாய்த் துண்டு, உடைந்த திருகுபைப்பு,
கூடவே ஈரமணல் ஒரு பிடி.

"மண்ணை நிறுத்துக் காசு கேக்கிறியோ, கள்ளா?"
பற்குணம் முதலாளி போட்ட சத்தத்தில்
எதிர்க்கடை ரேடியேட்டர்காரன் எட்டிப் பார்த்தான்.
ஐந்து கிலோப் படிக்கல் மட்டும்
குப்புறக் கிடந்தது,
அடியில் ஊற்றி அடைத்த ஈயம்
யார் கண்ணிலும் படாமல்.

"ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளை."
நவ்ஃபர் சாக்கை உதறியபடி சொன்னான்,
சாக்குக்குச் சொல்வதுபோல.

பில் எழுதுகிற எனக்கு
இரவு முழுக்க அதே நினைப்பு.
பித்தளை எதற்கு ஈயத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டும்?
புளி பட்டுக் களிம்பேறாமல்
சட்டியின் உள்ளே பூசிக் காப்பது ஈயம்.
வயிறு நிறைய அதன் தயவு,
வெளியே தங்கத்தின் சாயல்.
பூச்சுத் தேய்ந்தால்
பித்தளை இளிக்கிறது என்போமே,
அதைத்தான் சிரிப்பென்று எடுத்திருப்பாள்
சட்டி கழுவிய எவளோ ஒருத்தி.
சான்றெல்லாம் கிடையாது. என் ஊகம்.
முதலாளியை நினைத்து
நானும் இருட்டில் கொஞ்சம் சிரித்தேன்.

காலையில் நவ்ஃபர் திரும்ப வந்தான்.
மணல் இல்லை.
அவனுக்குக் கிழித்துக் கொடுத்த துண்டில்
இருபத்துமூன்று கிலோ.
கடைக் கொப்பியில்
இருபத்துமூன்று கிலோ எழுநூறு கிராம்.

இரண்டுக்கும் இடையில்
ஆவி பறக்க வந்து நிற்கிறது
என் பிளேன்டீ.