ஒருவழித் தையல்

மை தீட்டக் கூடாது. நகப்பூச்சு, வாசனை எதுவும் கூடாது.
தைலம் பூசி வந்த ஸினியாவை
போன செவ்வாய் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.
கண்ணும் புருவமும் மட்டும் தெரிய
நாற்பது பெண்கள், நாற்பது நுண்ணோக்கிகள்.
வெளியே அலாஹுவேலாவின் இரண்டு மணி மழை.
உள்ளே கேட்காது.

என் இடுக்கி நுனியில்
எந்த மேய்ச்சல் நிலத்திலோ நின்ற மாட்டின்
இதயத்தைப் போர்த்தியிருந்த சவ்வு.
ஈர வெங்காயத் தோல் போல இருக்கும்.
மூன்று பிறைகளாக வெட்டி வருவதை
மோதிரம் போன்ற வளையத்தில்
முடியினும் மெல்லிய நூலால் பிடிக்கிறேன்.
ஒரு வால்வுக்கு ஆயிரத்துச் சொச்சம் தையல்.
எண்ணுவதை விட்டுவிட்டேன், விரல் எண்ணிக்கொள்கிறது.

முன்பு கல்யாண உடுப்புத் தைத்தேன்.
யார் போடப் போகிறாள் என்று தெரியும்,
அடுத்த மாதம் இடுப்பு எவ்வளவு பெருக்கும் என்றுகூட.
இதைப் போடப்போகிறவர்
யாரென்று எனக்குத் தெரியாது.
எண் மட்டும் உண்டு.

சேர்ந்த நாளில் சுவரில் படம் காட்டினார்கள்.
வலப்பக்கம் நீலம் வந்து இறங்குகிறது,
கால் கட்டைவிரலிலிருந்து, கல்லீரலிலிருந்து,
அழுது முடித்த கண்ணிலிருந்து.
கெட்ட ரத்தம் என்பார்கள் பள்ளியில்.
பாவம், கெட்டதில்லை,
வேலை முடிந்து வருவது.
மேலறை. ஒரு கதவு. கீழறை. ஒரு கதவு.
நுரையீரலில் சற்றே காற்று வாங்கிவிட்டு
சிவந்து வரும் இடப்பக்கத்துக்கு.
மேலறை, இரண்டிதழ்க் கதவு, கீழறை,
பிறகு முஷ்டி மடக்குவது போல் ஓர் இறுக்கம்,
கடைசிக் கதவு திறக்கும்.
நான் தைப்பது அந்தக் கதவை.

கதவென்றால் காவலுக்கு ஆள் உண்டா என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.
அதற்குச் சதையில்லை, சொந்தப் புத்தியில்லை.
தள்ளினால் விலகும்.
தள்ளல் ஓய்ந்ததும் கொஞ்சம் ரத்தம்
வந்த வழியே திரும்பப் பார்க்கும்.
அந்தத் திரும்பலே மூன்று பைகளிலும் நிரம்பி
கதவைச் சாத்திவிடும்.
போனது போனதுதான்.
மருத்துவர் குழாய் வைத்துக் கேட்பதெல்லாம்
சாத்தும் ஓசை.
திறப்பது எப்போதும் சத்தமில்லாமல்.

இன்னொன்றும் சொன்னார்கள், எனக்குப் பிடித்தது அதுதான்:
அறை நிறைய ரத்தம் நின்றாலும்
அந்தத் தடித்த சுவருக்கு அதிலிருந்து குடிக்க வழியில்லை.
கடைசிக் கதவு சாத்தி, தசை தளர்ந்த பிறகே
இதழ்களின் முதுகுப்பக்கம் இருக்கும்
இரண்டு சிறு வாய்களால்
தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்
அதற்குச் சாப்பாட்டு நேரம்.
எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம்.
கறுப்பு அவரை, சோறு, பொரித்த வாழைப்பழம்.

மூன்று மணிக்கு வில்மர் தட்டை நீட்டினான்.
"யோர்லேனி, இரண்டாம் இதழ், பதினேழாம் தையல்."
மயிரிழை விலகல். நான்கு நாள் வேலை.
பிரித்துத் தைக்க முடியாது,
சவ்வில் விழுந்த துளை ஆறாது.
"வா, பார்" என்று சோதனை அறைக்கு அழைத்துப்போனான்.

கண்ணாடிக் குழாயில் உப்புநீர்.
மனிதன் இல்லை, மாடு இல்லை, வெறும் மோட்டார்.
அது திறந்தது.
மூடியது.
திறந்தது.
மூடும்போது மட்டும்
இரண்டாம் இதழ் ஒரு நொடித்துண்டு பிந்தி வந்தது,
பேருந்தைத் தவறவிட்ட ஸினியா மாதிரி.
அந்த இடுக்கில் நூலளவு நீர்
பின்னோக்கிப் போனது.
"கசிவு" என்றான் வில்மர்.
நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
எவ்வளவு அவசரமாய்த் திரும்புகிறது.

ஆறு மணிப் பேருந்தில் சன்னலெல்லாம் புகைமூட்டம்.
ஸினியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டாள்.
கைப்பையை மடியில் வைத்து
அதன் மேல் கையை வைத்து
நெஞ்சில் சாத்தும் ஓசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லவில்லை.
உள்ளே ஒன்று
சாப்பிட்டுக்கொண்டிருந்தது.