பெர்னிக்கெட்டி

மழை விட்ட மறுநாள் கொரடாச்சேரிக் கொள்முதல் நிலையத்தில்
நஜ்முதீனின் நெல்லைத் திருப்பி அனுப்பினேன்.
கருவி பதினெட்டு புள்ளி இரண்டு காட்டியது.
பதினேழுக்கு மேல் ஒரு புள்ளியும் ஆகாது.
"ஒன்னு புள்ளி ரெண்டு. அது என் வேர்வைங்க" என்றார்.
வேர்வையானாலும் காயணும் என்றேன்.

கப்பலில் எந்திரம் பார்க்கிறவர். விடுப்பில்
அத்தா விட்டுப்போன ஆறு மாவைப் பார்க்க வந்தவர்.
தார்ப்பாயைத் திரும்ப விரித்துக்கொண்டே
ஒரு சொல்லை எறிந்தார்:
பெர்னிக்கெட்டி.

திட்டா? கேட்கவில்லை.
பில் புத்தகத்தின் அட்டையில் தமிழில் குறித்துக்கொண்டேன்.
எழுதியதும் அதன் வாலில் ஒரு கெட்டி தெரிந்தது.
கெட்டித் தயிர். கெட்டி மேளம்.
கடித்தால் டக்கென்று உடைகிற காய்ந்த மணி.

ராத்திரி அகராதியில் தேடினேன்.
அளவுக்கு மேல் நுணுக்கம் பார்ப்பவர்,
ஊசிமுனைக் குறைக்கும் முகம் சுளிப்பவர்.
ஊர் ஸ்காட்லாந்து.
வேர் தெரியவில்லை.
அமெரிக்கா போனபோது நடுவில் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டதாம்,
எவ்வளவு தூற்றினாலும் தங்கிவிடும் கருக்காய் மாதிரி.

தெரியவில்லை என்று எழுதி வைத்த
அந்த அகராதிக்காரரை எனக்குப் பிடித்துப்போனது.
சுமாராக ஒரு வேரைப் போட்டு
மூட்டையைத் தைத்திருக்கலாம் அவர்.

இங்கே எனக்கு வேறு பெயர்.
சாக்கு தைக்கும் வைரக்கண்ணு
என் வண்டிச் சத்தம் கேட்டதும் சொல்வது:
"நொரநாட்டியம் வந்தாச்சு, சாக்கை உதறுங்கடா."
அதற்கும் வேர் எனக்குத் தெரியாது.
நொள்ளை, நொட்டை, நொய், நொண்டிச்சாக்கு...
குறையெல்லாம் ஏனோ நொவில் பிறக்கிறது.
நொ தனியாக நின்றாலும் ஒரு சொல்.
வருந்து என்று பொருள்.

போன தாளடியில் வருந்தாமல் இருந்தேன், ஒரே ஒரு நாள்.
அந்தி இருட்டிக்கொண்டு வர,
இடுப்பில் பிள்ளையோடு நின்றவளுக்கு
பத்தொன்பதைப் பதினேழு என்று எழுதினேன்.
திறந்தவெளிக் கிடங்கில் அந்த அடுக்கு
உள்ளுக்குள் சூடேறி
சாக்கின் இழை வழியே பச்சை மூக்கை நீட்டியது.
அழகாகத்தான் இருந்தது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் நஜ்முதீன் வந்தார்.
பதினாறு புள்ளி ஒன்பது.
இன்னொரு தடவை அளந்தேன். அப்புறமும் ஒரு தடவை.
வாயைத் திறக்காமல் நின்றார், சிரிப்பை மென்றுகொண்டு.

"அமெரிக்காவுல அதுக்கு நடுவுல ஒரு ஸ் உண்டு" என்றேன்.
திடுக்கிட்டார். பிறகு சொன்னார்:
"எங்க சீஃப் என்ஜினியர் ஸ்காட்லாந்துக்காரர்ங்க.
என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு."
பாராட்டாகவா என்று கேட்டேன்.
"பத்து வருசமா யோசிக்கிறேன்."

ஐம்பத்து மூன்று மூட்டை.
ரசீதை வாங்கி வெயிலில் பிடித்துப் படித்தார்,
எடை, தேதி, சர்வே எண், என் கையெழுத்து வரைக்கும்.
போனவர் வாசலிலிருந்து திரும்பி வந்து
மேசைமேல் அதை வைத்தார்.
"நஜ்முதின்னு இருக்கு.
தீ. நெடில்ங்க."
பேனாவையும் அவரே நீட்டினார்.